சேமச் சக்கரம்

நெய்தல் நிலத்தில் உப்பு விளைந்தது. மருத நிலத்தில் நெல் விளைந்தது. உப்பைக் கொடுத்து நெல்லைக் கொள்ளும் பொருட்டு வண்டி நிரைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர் உமணர் எனப்பட்ட வணிகர். மேடும் பள்ளமும் மிடைந்த நெடுவழியில் எவ்விடத்தில் அச்சு முறியும் என்பதை எவரும் அறியார். ஆதலின் அவர்கள் தம் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டே புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புறநானூற்றில் பாடிய ஔவையார், இடர் வந்தபோது தாங்கும் அவனது ஆற்றலுக்கு இந்தச் சேம அச்சையே உவமை கூறினார்.

உமணர் வழக்கம் இன்றும் மறைந்து போகவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் பரந்த உப்பளங்கள் உள்ளன. 1974ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் அங்கே உப்பு விளைவிக்கின்றது. அவ்வுப்பை லாரிகள் உள்நாட்டிற்கு ஏற்றிச் செல்கின்றன. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஆகிய கரைகளில் இறங்கும் மீனும் பனிக்கட்டியில் புதைக்கப்பட்டு லாரிகளிலேயே வெளியூர்களுக்குப் போகின்றது. இவ்வண்டிகள் ஒவ்வொன்றிலும், சட்டத்தின் அடியிலோ பக்கத்திலோ, மாற்றுச் சக்கரம் ஒன்று தொங்குவதைக் காணலாம். ஓட்டுநர் அதனை 'ஸ்டெப்னி' என்பர். வேல்சு நாட்டின் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரிலிருந்து மோட்டார் வண்டிகளுக்கான மாற்றுச் சக்கரம் விற்பனைக்கு வந்தது. அத்தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராகி, கடல் கடந்து, நம் நாட்டு லாரிப் பட்டறைகளிலும் நிலைத்துவிட்டது.

சேமச் சக்கரம் உடன் இருப்பது மட்டும் போதுமா? போதாது. அதனை முறையறிந்து பூட்டுதல் வேண்டும். காற்று நிரப்பிய டயருடன் கூடிய லாரிச் சக்கரம் ஒன்று ஏறத்தாழ நூறு கிலோகிராம் எடையுள்ளது. விரைந்து செல்லும் வண்டியினின்று அது கழன்றோடுமாயின் எதிரே வருவோரின் நிலை யாதாகும்? பாம்பன் கடல்மீது அமைந்த சாலைப் பாலம் 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய அப்பாலத்தில் இருபுறமும் கடலே. கப்பலுக்கு வழிவிடும் ரயில் பாலத்தைக் காணும் ஆவலால் மக்கள் குழந்தைகளுடன் அதன் ஓரத்தில் நிற்பர். அங்கே ஒரு சக்கரம் கழன்று உருளுமானால் ஒதுங்கிக்கொள்ள இடம் ஏது? ஆகவே சக்கரம் பூட்டும் தொழில் சிறு தொழிலன்று. பல உயிர்களைக் காக்கும் தொழில். பெருந்தேர் உருள்வதற்குச் சிறிய அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணியன்றோ, உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்றார் திருவள்ளுவர்? லாரிக்கு அந்த அச்சாணியாய் நிற்பது நட்டு.

பழைய மரச் சக்கரத்தின் உறுப்புகளைக் குறடு, ஆர், சூட்டு எனத் தமிழர் வகுத்தனர். நடுவிலுள்ள கட்டை குறடு, அதினின்று விரியும் கால்கள் ஆர், வெளிவட்டம் சூட்டு. லாரிச் சக்கரத்தில் ஆர் இல்லை. அதற்கு மாறாக, எஃகுத் தகட்டை அழுத்தி வட்டமாகச் செய்த டிஸ்க் உள்ளது. டயரைத் தாங்கும் வெளிவட்டம் ரிம் எனப்படும். அச்சின் முனையில் சுழலும் குறடே ஹப். ஹப்பின் முகத்தில் வட்ட வரிசையாக எட்டு அல்லது பத்து ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். டிஸ்க்கில் உள்ள துளைகளை இந்த ஸ்டட்டுகளில் கோத்து, நட்டுகளைத் திருகி இறுக்குவதே சக்கரம் பூட்டுதல் ஆகும்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது எது? ஸ்டட்டுகளே தாங்குகின்றன என்று பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. ஏட்டுச் சுவடி ஒன்றை நினைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஏடுகளை அடுக்கி, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்து இறுகக் கட்டினால், சுவடி முழுவதும் ஒரே கட்டையைப் போல அசைவற்று நிற்கும். கட்டுத் தளருமாயின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும், கயிறு துளையின் ஓரத்தை அறுக்கும், துளை அகலும், நாளடைவில் ஏடு கிழியும். கட்டு இறுகியிருக்கும் வரையில் ஏடுகளை நழுவாமல் பிடித்திருப்பது அவற்றிடையே உள்ள உராய்வே. கயிற்றின் வேலை அவற்றை அழுத்திப் பிடிப்பதுதான். லாரிச் சக்கரத்திலும் இதுவே நடைபெறுகின்றது. நட்டுகள் டிஸ்க்கை ஹப்பின் முகத்தோடு அழுத்துகின்றன. அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகின்றது. அழுத்தம் குறைந்தால் டிஸ்க் நழுவத் தொடங்கும்; ஸ்டட்டுகள் இப்புறமும் அப்புறமும் வளைக்கப்பட்டு ஒவ்வொன்றாய் முறியும்; துளைகள் நீள்வட்டமாக அகலும்; முடிவில் சக்கரமே கழன்று போகும்.

அவ்வழுத்தம் எவ்வாறு உண்டாகின்றது? நட்டை இறுக்கும்போது எஃகு ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கின்றது. நீண்ட எஃகு, வில்லின் நாணைப் போலத் தன் பழைய அளவிற்கு மீள முயல்கின்றது. அம்முயற்சியே சக்கரத்தை ஹப்போடு இறுக்கும் விசையாகும். 22 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்டட் ஒன்று முறையாக இறுக்கப்பட்டால் பத்து டன்னுக்கு மேற்பட்ட விசையோடு அழுத்தும். பத்து ஸ்டட்டுகளும் சேர்ந்தால் நூறு டன்னுக்கு மேலாகும். ஆயினும் ஸ்டட் நீளும் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போன்ற நுண்ணிய அளவேயாம். நட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையிலோ, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையிலோ உள்ள தடித்த வண்ணப் பூச்சு நசுங்கினாலும், துருப்பொடி உதிர்ந்தாலும், அந்நுண்ணிய நீட்சி இல்லாமற்போகும். நீட்சி போனால் அழுத்தமும் போம். நட்டு ஒரு சுற்றும் சுழலாமலே கட்டுத் தளர்ந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

இங்கேதான் கடற்கரையின் இயல்பை அறிதல் வேண்டும். இரும்பு, நீர், காற்றிலுள்ள உயிர்வளி ஆகிய மூன்றும் கூடினால் துரு தோன்றும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின் வழியே மின்னோட்டம் எளிதாகச் செல்லவும் துணைபுரியும். ஆதலின் உப்புக்காற்று வீசும் இடத்தில் துரு விரைந்து பரவும். பாம்பன், மண்டபம் பகுதி உலோகத்தை மிகக் கடுமையாக அரிக்கும் இடங்களுள் ஒன்று. 1953ஆம் ஆண்டில் காரைக்குடியில் திறக்கப்பட்ட மைய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் முகாமில் சோதனை நிலையம் அமைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அவை அரிபடும் வகையை ஆராய்ந்தது. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் தன் வாழ்நாள் முழுவதும் துருவோடு போராடியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குத் துருவேறாத எஃகுக் கம்பிகளும் சிறப்பான காப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. அத்துணைப் பெரிய பாலத்தையே அரிக்க வல்ல காற்று, லாரியின் நட்டை விட்டுவைக்குமோ? மேலும் மீன் லாரியில் பனிக்கட்டி உருகி ஒழுகும் உப்புநீர் சக்கரங்களை நனைத்துக்கொண்டே இருக்கும். சட்டத்தின் அடியில் தொங்கும் சேமச் சக்கரமோ, பல திங்கள் எவரும் நோக்காத நிலையில் உப்பும் புழுதியும் படிந்து கிடக்கும்.

இனிச் சக்கரம் மாற்றும் முறையைக் காண்போம். முதற்கண் வண்டியைச் சாலையின் போக்குவரத்தினின்று விலக்கி, சமமும் உறுதியுமான தரையில் நிறுத்துதல் வேண்டும். பின்வருவோர் தொலைவிலேயே அறியும்படி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தல் வேண்டும். கைப்பிரேக்கை இட்டு, தூக்கப்படாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் வேண்டும். மண்டபத்திற்கு அப்பால் சாலையோரம் பெரும்பாலும் மணலே. மணலில் வைத்த ஜாக்கி பாரம் ஏறியவுடன் புதையும், அல்லது சாயும். ஆகவே அகன்ற தடித்த பலகையை இட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்துதல் வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திக்கொண்டு, அதன்பின் வண்டியைத் தூக்குவதே முறை. தூக்கிய பின்னர் அச்சின் கீழ்த் தாங்கி கொடாமல், ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டுதல் ஒருபோதும் கூடாது.

ரிம்மின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். டியூப் உள்ள பழைய வகை டயர்களில், டயரை ரிம்மில் நிறுத்துவதற்குப் பூட்டு வளையம் என்னும் தனி எஃகு வளையம் உண்டு. காற்று மிகக் குறைந்த நிலையில் ஓடிய சக்கரமாயினும், வளையமோ ரிம்மோ பழுதுற்றதாயினும், நட்டைத் தொடுவதற்கு முன்னரே வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுதல் வேண்டும். இரட்டைச் சக்கரமாயின் இரண்டிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாவிடில் வளையம் தெறித்து உயிரைப் பறித்துவிடும். மீண்டும் காற்று நிரப்பும்போது அவ்வகைச் சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வைத்து நிரப்புதலே காவல்.

கழற்றிய சக்கரம் தன் நோயைத் தானே கூறும். நட்டின் அடியினின்று துருக்கோடுகள் கதிர்போல் ஓடியிருந்தால், அவ்விடத்தில் அசைவு இருந்தது என்பது பொருள். துளைகள் நீண்டிருந்தாலும், துளைக்குத் துளை வெடிப்பு ஓடியிருந்தாலும், அச்சக்கரம் இனி உதவாது. பற்றவைத்துச் சீர் செய்து மீண்டும் ஓட்டலாம் என்று எண்ணுதல் பிழை. பற்றவைத்த இடத்தின் அருகே எஃகு தன் உரம் குன்றி மீண்டும் பிளக்கும். ஸ்டட் ஒன்று முறிந்திருந்தால் அதனோடு அதன் இருபுறத்து ஸ்டட்டுகளையும் மாற்றுதல் வேண்டும். முறிந்ததன் சுமையை அவையே தாங்கிக் களைத்திருக்கும். இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் அனைத்தையும் மாற்றுதலே தக்கது.

புதிய சக்கரம் வாங்குங்கால், துளைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் போதும் என்று கொள்ளலாகாது. துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, ரிம்மின் அகலம், தாங்கும் எடை ஆகிய யாவும் ஒத்திருத்தல் வேண்டும். நட்டின் இனமும் ஒத்திருத்தல் வேண்டும். சில சக்கரங்கள் நடுத்துளையால் ஹப்பின் மேட்டில் அமர்ந்து மையங்கொள்ளும். அவற்றிற்குத் தட்டையான அடியுடைய நட்டு உரியது. வேறு சில, துளையின் சரிவில் நட்டு பொருந்துவதால் மையங்கொள்ளும். அவற்றிற்குக் கூம்பு அல்லது உருண்டை அடியுடைய நட்டு உரியது. ஒன்றிற்குரிய நட்டை மற்றொன்றில் பூட்டினால், அது துளையின் விளிம்பை மட்டுமே தொடும். இறுகியது போலத் தோன்றும், ஆனால் நில்லாது. சில பழைய வண்டிகளில் இடப்புறச் சக்கரங்களுக்கு இடமரையும் வலப்புறச் சக்கரங்களுக்கு வலமரையும் அமைந்திருக்கும். அதனை அறியாது திருகுவோர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கி ஸ்டட்டை முறித்துவிடுவர்.

அடுத்தது தூய்மை செய்தல். ஹப்பின் முகம், டிஸ்க்கின் இருபுறம், நடுத்துளை, நட்டு அமரும் இடம் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவும் உப்பும் மணலும் நீங்கிப் பளிச்சென எஃகு தெரியும்படி செய்தல் வேண்டும். அழகு கருதி அவ்விடங்களில் தடிப்பாக வண்ணம் பூசுதல் தீது. மரைகளையும் துடைத்து, நட்டு கையாலேயே தடையின்றி ஓடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இஃது ஏன் எனின், நட்டை இறுக்குவதற்குச் செலவிடும் முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை நீட்டப் பயன்படும். எஞ்சியது முழுவதும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகக் கழியும். துருவேறிய மரையில் அந்தப் பத்தில் ஒரு பங்கும் கிட்டாது. இறுக்குவோன் கை வலிக்கும்; ஸ்பானர் கிரீச்சிடும்; 'நன்றாக இறுகிற்று' என்று மனம் நிறையும்; சக்கரம் மட்டும் இறுகியிராது. மரையில் இரண்டொரு துளி எண்ணெய் இடலாம் என்று வண்டியின் கையேடு கூறுமாயின் அவ்வாறே இடலாம். சக்கர முகத்திலும் ஹப்பின் முகத்திலும் எண்ணெய் படுதல் கூடாது; அங்கு வேண்டுவது உராய்வு.

சக்கரத்தை ஸ்டட்டுகளின் மரை சிதையாதவாறு தூக்கி ஏற்றி, எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே திருகிவிடுதல் வேண்டும். பின்னர் ஒரு நட்டையும், அதற்கு நேர் எதிரே உள்ள நட்டையுமாக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு இறுக்கினால் சக்கரம் ஒருபுறம் சாய்ந்து அமரும். சக்கரம் ஒழுங்காக அமர்ந்த பின் வண்டியைத் தரையில் இறக்கி, அளவு காட்டும் முறுக்கு ஸ்பானரால் இறுதியாக இறுக்குதல் வேண்டும். அளவு யாது என்பதை அவ்வண்டியின் கையேடு கூறும். 22 மில்லிமீட்டர் ஸ்டட்டும் தட்டை நட்டும் உடைய சக்கரங்களுக்கு 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை என்பது பலவிடத்தும் வழங்கும் அளவு. ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 65 கிலோகிராம் எடையுள்ளவர் தம் முழு எடையும் படும்படி தொங்கினால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு அது.

குறைவாக இறுக்குதல் தீது என்பதைப் போலவே மிகையாக இறுக்குதலும் தீதே. ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, அதன்மேல் இருவர் ஏறி நின்று மிதிப்பது சாலையோரங்களில் காணும் காட்சி. காற்றுத் துப்பாக்கியால் மனம்போனவாறு முடுக்குவதும் உண்டு. நாணை அளவிற்கு மிஞ்சி இழுத்தால் வில் ஒடியும். எஃகு ஸ்டட்டும் ஓர் எல்லை வரையில் நீண்டு மீளும். எல்லை கடந்தால் நீண்டபடியே நின்று, பிடிப்பை இழந்து, பின்னொரு நாள் முறியும்.

இவ்வளவும் செய்து முடித்த பின்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது. புதிதாகப் பூட்டிய சக்கரம் ஓடத் தொடங்கியதும், அதன் முகங்கள் ஒன்றில் ஒன்று படிந்து அமரும். அப்போது இறுக்கம் சிறிது குறைதல் இயல்பு. ஆதலின் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மீண்டும் முறுக்கு ஸ்பானரால் சோதித்தல் வேண்டும். இராமேசுவரத்தில் சக்கரம் மாற்றிய லாரி, இராமநாதபுரத்தைக் கடந்து பரமக்குடியை அடையுங்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மதுரையை நோக்கி விரைவதற்கு முன் அங்கே நிறுத்திச் சோதித்தல் தக்கது. ஆனால் மீன் லாரிக்காரருக்கு அங்கேதான் சோதனை. பனிக்கட்டி உருகுகின்றது, சந்தை கூடும் நேரம் நெருங்குகின்றது, 'இதுவரை ஓடிய வண்டி இனியும் ஓடும்' என்று உள்ளம் சொல்லுகின்றது. கால்மணி நேரத் தாழ்வால் மீனின் விலை சிறிது குறையலாம். ஆனால் கழன்ற சக்கரம் பறிக்கும் உயிருக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை.

லாரிகளில் இத்தொழிலைச் செய்வோர் பெரும்பாலும் கிளீனர் என்று அழைக்கப்படும் துணையாளரே. உறங்கி விழிக்கும் ஓட்டுநரும், சாலையில் எதிர்ப்படும் பேருந்தின் பயணிகளும், பாலத்தின் ஓரத்தில் நின்று கடலைக் காணும் குழந்தைகளும் அவர் கையை நம்பியே இருக்கின்றனர். அவர்கள் அவர் பெயரை அறியார். அவர் துருவைத் தேய்த்ததையும் நட்டை அளந்து இறுக்கியதையும் கண்டிலர். ஒன்றும் நேராமையே அவருடைய வேலைக்குச் சான்று. உமணரின் சேம அச்சு இடர் வந்தபின் உதவியது. செவ்வையாகப் பூட்டிய சக்கரமோ, இடர் வருவதற்கு முன்னரே அதனைத் தடுத்துவிடுகின்றது.